பழசை மாட்டச் சொன்னவர்

பாளையங்கோட்டையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். அன்று கார் கொண்டுவந்தவரின் பேரை நான் கேட்கவில்லை. வள்ளியூர்ப் பக்கம் ஊர் என்றார். ஒல்லியான மனிதர். காரின் பின்கதவை, உள்ளே யாரோ தூங்குவது போலப் பைய சாத்தினார்.

“பின்னால ரொம்பக் குலுங்குது. செலவு ஆனா ஆகட்டும். சரியாக்கிரு வே,” என்றார்.

பின் சீட்டில் ஒரு தலையணை கிடந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஷாக் அப்சர்பர் இரண்டும் போயிருந்தன. கம்பெனி ரகம் உடனே கிடைக்காது. அதனால் பாரம் தாங்கும் கெட்டி ரகத்தை நானே போட்டுவிட்டேன். விலை இரண்டு மடங்கு. மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

மறுவாரம் திரும்பி வந்தார்.

“பழசையே மாட்டித் தாரியா?”

இத்தனை வருசத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“ஏன் அண்ணாச்சி?”

“வீட்டுக்காரிய பின் சீட்டுல படுக்க வச்சித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாரேன். முதுகெலும்புல கேன்சர் பரவிட்டு. பழசு தொட்டில் மாதிரி ஆடும், அதத் தாங்கிக்கிட்டா. புதுசு கல்லு மாதிரி இருக்கு. ஒவ்வொரு குழிக்கும் கத்துதா.”

பழசை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

“கம்பெனி ரகத்துக்குச் சொல்லி வைக்கேன் அண்ணாச்சி. துட்டு வேண்டாம். ரெண்டு மாசத்துல வந்துரும்.”

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“டாக்டர் அவ்வளவு நாள் சொல்லல வே.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.