வெயிலில் நின்ற தொப்பிகள்

நெல்டா பவோன் வாயைத் திறந்தால் பேருந்து நிலையமே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். லெம்பிரா மலையடிவாரத்தில் பலேயாதா விற்கிறவள். சூடான ரொட்டியில் அவரை மசியலைத் தடவி மடித்துக் கொடுக்கும் அந்தக் கை, வருடத்துக்கு ஒருமுறை, காப்பி அறுவடை ஓய்ந்ததும், தேவாலயத்தின் கண் மருத்துவக் குழுவோடு மலையேறிவிடும். அங்கே அவளுக்கு ஒரே வேலை. யார் யாரோ போட்டுக் கழித்த மூக்குக்கண்ணாடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். இதற்காகவா கடையை மூடிவிட்டு வருகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் அவளுக்கே தோன்றும்.

மலையில் யாரும் வெயிலில் வரிசையாக நிற்பதில்லை. அவர்களுக்குப் பதிலாகத் தொப்பி நிற்கும். விடியும் முன்பே நடந்து வந்து, பள்ளிக்கூட வாசலில் தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு மர நிழலுக்குப் போய்விடுவார்கள். தொப்பி இல்லாத பெண்கள் கூடையை வைப்பார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள்.

அன்று வரிசையின் தலையில் இருந்தது சிரியாக்காவின் கூடை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவள். போன வருடம் அவள் முறை வருவதற்குள் மேகம் கறுத்துவிட்டது. மழை விழுந்தால் மண்பாதையில் வண்டி இறங்காது என்று டாக்டர் கிளம்பிவிட்டார். இந்த முறை முந்தின நாளே மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள்.

நெல்டா வாளியிலிருந்து தலையை நிமிர்த்தியபோது வாசல் காலியாக இருந்தது. தொப்பிகளெல்லாம் சுவரோரம் கோபுரமாக ஏறியிருந்தன.

"யாரு இதை எடுத்தது?"

"நான்தான் நெல்டா," என்றாள் குழுவை நடத்தும் நகரத்து இவோன். "போட்டோவுல நம்ம குழு பேனர் கீழே ஒரே அழுக்குத் தொப்பியா விழுது. அழகா அடுக்கிட்டேன் பாருங்க."

"அழகாவா! அது தொப்பி இல்ல மேடம், ஆளுங்க. ஆளுங்களைத் தூக்கிக் குப்பையாட்டம் குவிச்சு வச்சிருக்கீங்க!"

அதற்குள் லாரியில் வந்திறங்கிய ஊர்த்தலைவரின் மைத்துனன் எர்னால்டோ குடும்பத்தோடு வாசலில் நின்றான்.

"நேரமில்ல நெல்டா," என்றாள் இவோன். "நிக்கிறவங்கள்ல இருந்து ஆரம்பிச்சுடலாம். யாருக்குப் பார்த்தாலும் சேவைதானே?"

நெல்டா கண்ணாடிகள் ஊறிய வாளியைத் தூக்கிவந்து வாசற்படியில் வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். உள்ளே போக வழியில்லை.

"பலேயாதா விக்கிறவ டாக்டருக்கே உத்தரவு போடுறாளே," என்று எர்னால்டோ சிரித்தான்.

"ஆமாடா, விக்கிறேன். அங்கயும் வரிசைதான். குறுக்க வந்தவனுக்குக் கரண்டிதான் பதில் சொல்லும், தெரியும்ல?"

மர நிழலில் சிரிப்பு எழுந்தது. எர்னால்டோ லாரிப் பக்கம் நகர்ந்தான்.

"எல்லாரும் வாங்க! அவங்கவங்களுக்கு முன்னாடி யாரு தொப்பி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க," என்று நெல்டா கூப்பிட்டாள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலில் கூடையை வைத்தாள். பிறகு குனிந்து குனிந்து ஒவ்வொரு தொப்பியாக வைத்தாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் இத்தனை வருடமும் இந்த மலையில் எதற்கு ஏறினோம் என்ற சந்தேகம் அந்தக் குனிதலில் அவளுக்கு வரவேயில்லை.

சிரியாக்காதான் முதலில் உள்ளே போனாள். டாக்டர் அவளை அறுவைக்கு எடுத்துக்கொண்டார்.

ஆனால் தொப்பிகளைப் பரப்பியதில் காலைப்பொழுது பாதி போயிருந்தது. மேகம் கறுத்தபோது வாசலில் இன்னும் சில தொப்பிகள் மிச்சமிருந்தன. டாக்டர் பெட்டியை மூடினார்.

கடைசித் தொப்பியை எலெயுத்தேரியோ எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு கண் பீளை கட்டி மூடியிருந்தது. "ரொம்ப நன்றிக்கா. எங்க இடத்தைக் காப்பாத்தினீங்க," என்றான். அந்த நன்றி நெல்டாவின் நெஞ்சில் மிளகாயாய் எரிந்தது.

இவோன் பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். "இன்னைக்கு அசத்திட்டீங்க. அடுத்த வருஷம் வாங்க, வரிசை பொறுப்பு உங்களுக்குத்தான்."

"அது அடுத்த வருஷம். அந்த மனுஷன் இப்பப் போறான். ஏன் கண்ணைக் காட்டாமப் போறான்னு நீங்களே அவன்கிட்டச் சொல்லுங்க."

"நானா? என்னன்னு சொல்றது?"

"போட்டோவுக்காகன்னு சொல்லுங்க."

நெல்டா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மழையின் முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. இருவரும் அவன் பின்னால் நடந்தார்கள்.