எண்பத்தைந்து டிகிரி காட்டிய பூ அறை

அன்று மதியம் தோவாளைப் பூ வியாபாரி செல்வி அக்காவின் குளிர் அறை வாசலில் அக்காவும் சுமை தூக்கும் தங்கப்பன் அண்ணனும் நானும் இருந்தோம். குளிர் இயந்திர மெக்கானிக் ஊரில் இல்லை. மாலை லாரியில் ஓணத்துக்குப் பூ போக வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், டிப்ளமோ. அறையில் எட்டு வெப்பநிலை சென்சார்களை ஒரே வயரில் கோத்திருந்தேன். அன்று இன்னும் நான்கைச் சேர்த்ததும் அவை நான்கும் திரையில் எண்பத்தைந்து டிகிரி காட்டின.

"என்னடே இது, பூவெல்லாம் அவிஞ்சிருமே!" என்று அக்கா அலறினார்.

"வெளிய எடுங்க!" என்று நான்தான் கத்தினேன்.

நான்கு கூடைகள் வெயிலுக்குப் போன பிறகே உள்ளே நுழைந்தேன். என் மூச்சு புகையாய் மிதந்தது. மங்கிய வெளிச்சத்தில் பிச்சி மொட்டுகள் உறங்கிக்கொண்டிருந்தன. எதற்கு வந்தேன் என்பதே சற்று மறந்துபோயிற்று.

"சூடு எங்க மக்கா? எனக்கு பல்லு கிடுகிடுங்குது" என்றார் அண்ணன்.

சென்சார்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எட்டு வரை ஆறு டிகிரி. ஒன்பதாவது சேர்ந்ததும் மறுபடி எண்பத்தைந்து. மின்சாரம் போதாதபோது அந்த சென்சார் அளக்காமலே காட்டும் எண் அது. சிக்கனம் என்று நினைத்து, தகவல் வரும் வயரிலேயே மின்சாரமும் போகட்டும் என்று தனி வயர் இழுக்காமல் விட்டிருந்தேன்.

இப்போது எங்கே மாட்டினாலும் தனி வயர் இழுக்கிறேன். திரையில் எண் மிரட்டினால், முதலில் உள்ளே போய் நின்று பார்க்கிறேன்.

அந்த வயரின் விலை நூற்றெண்பது ரூபாய். வெயிலில் வாடிய பூவால் அக்கா இழந்தது மூவாயிரத்து அறுநூறு.