வெள்ளைக் கட்டுகள்

தீப்பெட்டிகளை டஜன் டஜனாகச் சுற்றும் தாள் தீர்ந்துபோனது ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு. இத்தனை வருடம் கழித்தும் நேரம் பிசகாமல் நினைவிருப்பதற்கு மாமாதான் காரணம். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார்.

"ரெண்டேகால் ஆவுது. தாளு இல்ல. ஆறு மணிக்கு லாரிக்காரன் வந்து நிப்பான். இவளுவ கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளுவ" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, சும்மாதான நிக்க. சைக்கிள எடுத்துக்கிட்டுப் பஜாருக்குப் போயி நாலு சணல் உருண்டை வாங்கிட்டு வா."

நான் போனேன். சணலுக்காகத்தான் என்னை அனுப்பினார் என்று அன்று நம்பினேன்.

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவின் வீடும் தீப்பெட்டி ஆபீசும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்தாலும் அது ஆபீஸ்தான். விடியுமுன்பே வேன் போய்ச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அவர்களை ஏற்றி வரும். அம்மாவும் அவர்களோடு உட்கார்ந்து, பன்னிரண்டு பெட்டிகளைத் தாளில் சுற்றி டஜன் கட்டு கட்டுவாள். அவள் கை வேகம் அந்த ஷெட்டில் வேறு யாருக்கும் வராது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் சம்பளம் உண்டு. அம்மாவுக்குக் கிடையாது. அவள் வீட்டு ஆள்.

மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல என் மனம் இன்றும் ஒப்பவில்லை. என் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டையடுக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில், என்னை ஒருநாள்கூட வேலைக்கு உட்காரவைக்காமல் பள்ளிக்கூடம் அனுப்பினார். தீபாவளிக்கு அவர் மகளுக்கு எடுத்த துணியிலேயே எனக்கும் எடுத்தார். ஆனால் அந்தத் துணியின் நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். நான் யாரோடு நடந்து பள்ளிக்குப் போவது, பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுப்பது, ரேடியோ எத்தனை மணிக்கு அணைவது என எல்லாம் அவரிடமிருந்தே வந்தன. நான் எட்டாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் பி.காம். முடிவாகியிருந்தது.

அவர் முடிவு செய்யாத ஒன்று என்னிடம் இருந்தது. நான் வரைவேன். பூவும் மயிலும் அல்ல, மனிதர்களை. ஷெட்டின் மூலையில் உட்கார்ந்து, தீக்குச்சி மருந்துக் கறை படிந்த விரல்களையும், குனிந்து குனிந்து முன்னால் வளைந்துபோன கழுத்துகளையும், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்குவாளியைத் திறக்கும் முகங்களையும் பென்சிலால் வரைவேன். கோடு போடாத நீள நோட்டுகள் மூன்று நிரம்பியிருந்தன. அவற்றை அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.

"படிக்கச் சொன்னா பொம்ம போட்டுக்கிட்டுத் திரியுதா. நாளைக்கு சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டப் போவா போல" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். காப்பித் தம்ளரோடு நிற்கும் அம்மாவும் சிரிக்க வேண்டியிருக்கும்.

அன்று வீட்டில் அம்மா இல்லை. அத்தையின் பிறந்தவீட்டு விசேஷத்துக்கு, அத்தைக்கும் அவள் மகளுக்கும் துணையாகக் காலையிலேயே ஓட்டப்பிடாரம் போயிருந்தாள். அவர்கள் இருவரும் இரவு தங்குவதாக ஏற்பாடு. அம்மா மட்டும் சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும். கட்டு கட்ட ஆள் வேண்டுமே.

நான் சணலோடு திரும்பியபோது மூன்று மணி இருக்கும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் தரையில் மூன்று நோட்டு அட்டைகள் கிடந்ததைப் பார்த்தேன். அட்டைகள் மட்டும்தான். நடுவில் தையல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இடைசெவலிலிருந்து வருகிற அக்காதான் குனிந்த தலையோடு சொன்னாள்: "அண்ணாச்சிதான் கொண்டாந்து போட்டாவ, பாப்பா. தாளு வண்டி வரலயாம். நாங்க என்ன செய்ய?"

நோட்டின் தாளை விரித்தால் சரியாக ஒரு டஜன் அடங்குகிறது. அதுவரை எனக்கு அது தெரியாது.

"படம் இருக்க பக்கத்த உள்ள வச்சு மடிக்கச் சொல்லிட்டாவ. யாவாரி பாத்தா சிரிப்பானாம்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

சுவரோரம் கட்டுகள் அடுக்கியிருந்தன. கீழ் வரிசைகளில் காக்கித் தாள், அதற்கு மேல் செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை. வெள்ளைக் கட்டுகள் வெளியிலிருந்து பார்க்க மிகவும் சுத்தமாக இருந்தன. ஆறு மணிக்கு லாரி ஏறினால் அவை எந்த ஊருக்குப் போகும், எந்தக் கடைக்காரன் பிரித்து எறிவான் என்று யாருக்கும் தெரியாது.

நான் தரையில் உட்கார்ந்து முதல் வெள்ளைக் கட்டை எடுத்துச் சணலை உருவினேன். பெட்டிகள் சரிந்து விழுந்தன. தாளை மடியில் வைத்து நீவினேன்.

"ஐயய்யோ, பாப்பா, அண்ணாச்சி கொன்னு போடுவாவ" என்று எழுந்து வந்த இடைசெவல் அக்கா, தாளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "ஏட்டி, இங்கன வந்து பாருங்கட்டி. இது நான்லா! மூக்குத்திகூட இருக்கு."

அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்து வந்துவிட்டார்கள். நான் பிரிக்கப் பிரிக்க, ஒவ்வொரு கட்டுக்குள்ளிருந்தும் அவர்களில் ஒருத்தி வந்தாள்.

"என்ன எங்க காணும்? அழகா இல்லைன்னு விட்டுட்டியோ?"

"ஒன் பல்லு நோட்டுக்குள்ள அடங்கலயாம், அதான்."

"இது யாரு, குளத்தூராளா? தூங்கிக்கிட்டே லேபிள் ஒட்டுதா பாரு!"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த கட்டைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. அந்தத் தாளில் மாமா இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரம்பு நாற்காலியில் வாய் திறந்து தூங்குகிற மாமா. கண்ணாடி வயிற்றின்மேல் கிடந்தது. ஒரு செருப்பு காலைவிட்டு நழுவியிருந்தது. யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. தகரக் கூரை அதிரும்படி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது மாமா வாசலில் நின்றார்.

அவர் கத்தவில்லை. நடந்து வந்து என் மடியிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"எஞ் சோத்தத் தின்னுட்டு என்னையே கேலி பண்ணுதியோ?"

"கேலி இல்ல மாமா."

நான் உண்மையைத்தான் சொன்னேன். மூன்று நோட்டிலும் நான் வரைந்ததில் அதுதான் ஆகச் சிறந்தது. அவர் ஒருநாள் பார்த்து, பரவாயில்லையே என்று சொல்வார் என்றுகூட நினைத்திருந்தேன்.

"இது படமாக்கும்? கோழி கிண்டுன குப்பை கணக்கா இருக்கு. கிறுக்குன தாளு இன்னைக்காவது ஒரு வேலைக்கு ஆச்சேன்னு பாத்தா, அதயும் பிரிச்சுப் போட்டுட்ட." தாளை இரண்டு கையாலும் பிடித்தார்.

நான் எழுந்து நின்றேன். "கிழிங்க மாமா. நாளைக்கே மறுபடி வரைவேன். இதவிட நல்லா வரைவேன். ஆனா அது என் நோட்டு. கேக்காம எடுத்தது தப்பு."

தப்பு என்ற சொல்லை அந்தக் காம்பவுண்டுக்குள் மாமா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். கையிலிருந்த தாள் கிழியாமல் அப்படியே நின்றது.

"தப்பா? சரி. ஒங்க அம்மா வரட்டும். வந்ததும் ரெண்டு பேரும் துணிமணிய எடுத்துக்கிட்டு இன்னைக்கே கெளம்புங்க. பொம்ம போடதுக்கு எந்த ஊர்ல ஒனக்குத் தனியா வீடு கட்டி வச்சிருக்காவன்னு நானும் பாக்கேன்."

கடிகாரத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். படம் அவர் கையிலேயே இருந்தது. மீட்ட தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி நான் சுவரோரம் நின்றேன். பெண்கள் கிடைத்த செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுப்போட்டு மீண்டும் சுற்றத் தொடங்கினார்கள். வேலை நகரவில்லை. மூன்றரை ஆனது. நான்கு ஆனது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் என்னென்னவோ யோசித்தேன். அம்மா வருவாள், நடந்ததைக் கேட்பாள், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "வாட்டி போவோம்" என்பாள். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே போவோம் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அப்பாவின் ஊரில் எங்கள் வீட்டின் கூரை எப்போதோ இறங்கியிருந்தது.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். கதை எழுதுகிறாள். போன மாதம் கணக்கில் மதிப்பெண் குறைந்து வந்தபோது, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவளுடைய கதை நோட்டை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும், கொடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அவள் எதிர்காலத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மாமாவுக்கும் வந்திருக்காதோ என்னவோ. மூன்று நாள் அவள் வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், பரண்மேல், பழைய பேப்பர் கட்டுக்குள் என ஓரிடம் விடவில்லை. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று என் பிள்ளை முடிவு செய்திருக்கிறாள். நான்காம் நாள் நோட்டை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த மௌனத்திலிருந்து நான் இன்னும் தேறவில்லை.

அன்று ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா வந்தாள். விசேஷத்துக்கென்று கட்டிய பட்டுச்சேலை, கையில் தாம்பூலப் பை, பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு. ஷெட்டின் அமைதியைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். "அஞ்சு ஆவப்போவுது. ஒம் மவ செஞ்சு வச்சிருக்க காரியத்தப் பாரு. கட்டுன கட்டயெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டா. எம் மூஞ்சியப் போட்டு, வேலைக்கு வந்த பொம்பளைய எல்லாரையும் சிரிக்க வச்சிட்டா. கேட்டா, நான் செஞ்சது தப்பாம். ரெண்டு பேரும் இன்னைக்கே கெளம்புங்கன்னு சொல்லிட்டேன்." தாளைத் தூக்கிக் காட்டினார். "கிழிச்சுக்கோன்னு வேற சொல்லுதா. கிழிக்கத்தான் போறேன். ஒன் கண்ணு முன்னாலயே கிழிக்கணும்னுதான் வச்சிருக்கேன்."

அம்மா படத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. என்னை அவள் பார்க்கவில்லை. தாம்பூலப் பையைச் சுவரோரம் வைத்தாள். பட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். தான் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பெட்டிகளைக் கையால் தன் பக்கம் கூட்டினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, பிரிஞ்சத எல்லாம் நான் கட்டிருதேன். லாரி வாரதுக்குள்ள முடிச்சிருதேன். அந்தத் தாளக் கிழிக்காதீங்க. கிழிச்சா நான் கட்ட மாட்டேன்."

குரல் உயரவே இல்லை. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிற அதே குரல். இடைசெவல் அக்கா கையிலிருந்த சணலைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவளும் வைத்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, படத்தை நாற்காலியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். எங்களைக் கிளம்பச் சொன்ன பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

எல்லோரும் ஏன் அம்மாவையே அப்படிப் பார்க்கிறார்கள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் கிளம்பப்போகிற நேரத்தில் கட்டு கட்டுவதைப் பற்றியா பேசுவாள் என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.