புகழக் கூடாத ஆறு படங்கள்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் பெர்மெத் முதலில் ஜன்னலைத்தான் தேடுவாள். காலணியைக் கழற்றி வாசலில் நேராக வைப்பாள். சால்வையை மடித்து மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே இடம் பார்த்து உட்காருவாள். பிறகு எழுந்து போகும்வரை அவள் கண் அந்தக் கண்ணாடியை விட்டு நகராது. சுவரில் கம்பளம் தொங்கலாம், அலமாரியில் பழைய தேநீர்க் கிண்ணங்கள் மின்னலாம். அவள் பனி பெய்யுமா என்று கேட்பாள், பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பாள். வீட்டுக்காரர்கள் புதிதாக எதையாவது கொண்டுவந்து காட்டினால், "ம்" என்பாள். அவள் நாக்கு குளிரில் விறைத்துப் போனது என்று கிர்கிஸ் மலையூரான காரகோலில் ஒரு பேச்சு உண்டு.

காரணம் இருந்தது. அந்த ஊரில் விருந்தாளி ஒரு பொருளை அழகு என்று சொல்லிவிட்டால், அது அவருடையது. வீட்டுக்காரர் எடுத்துத் துணியில் சுற்றிக் கையில் திணித்துவிடுவார். மறுப்பது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பாதுகாக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், படம் செதுக்கும் தோரோன்பெக்கின் வீட்டுக்குப் பெர்மெத் ஏதோ வேலையாகப் போனாள். சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "என்ன அழகு."

தோரோன்பெக் மறுபேச்சில்லாமல் அதை ஆணியிலிருந்து இறக்கினார். அருங்காட்சியகத்து ஆள் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் வேலை போகும், வாங்காவிட்டால் அவர் மரியாதை போகும். சின்னப் பெண்ணுக்கு ஓடத்தான் தெரிந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். அன்றிலிருந்து ஜன்னல்.

இப்போது தலை நரைத்த பிறகு மறுபடி அதே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

தோரோன்பெக் இறந்துவிட்டார். லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி அவர் எடுத்த கணவாய்ப் படங்கள் ஆறும் மனைவி அசில்கானிடம் இருந்தன. தகடுகள் எப்போதோ கோழிக்கூண்டுக்குத் தரையாகிவிட்டன. இனி இன்னொரு பிரதி போட வழியில்லை. சின்ன ஊர் அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட மூலப் படங்களை வாங்குவதற்குப் பணம் தரும் நிதிக்குழு ஒன்று தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தது. பெர்மெத் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு, ஒருவழியாக ஒரு நிபுணரை அனுப்பச் சம்மதித்தார்கள். விதி கறாரானது. ஆறும் சேர்ந்திருக்க வேண்டும். நிபுணர் விற்பவரிடமிருந்து ஒரு துரும்பைக்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் எல்லாம் ரத்து.

இதற்கிடையில் எல்லைக்கு அப்பாலுள்ள அல்மாத்தியிலிருந்து ஒரு வியாபாரி அசில்கானுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வருகிறான் என்று ஊரில் சொன்னார்கள். இன்று வியாழன். அவன் கைக்குப் போனால் படங்கள் ஆறு வீட்டுச் சுவர்களுக்குச் சிதறும். இந்த ஊர் அவற்றை மறுபடி பார்க்காது.

நிபுணன் தாலாய் இளைஞன். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எதையாவது புகழ்ந்துகொண்டே இருந்தான். மலையை, பாப்ளர் மரங்களை, கடைசியில் அருங்காட்சியக இயக்குநர் சோவெத்பெக்கின் ஓட்டைக் காரை.

"வண்டி அருமையா இருக்கு, பைகே." அந்தப் பக்கத்தில் அண்ணனைப் பைகே என்பார்கள், அக்காவை எஜே.

"எடுத்துக்கோ தம்பி," என்றார் சோவெத்பெக். "ரிப்பேர் செலவும் உன்னோடதுதான்."

தாலாய் சிரித்தான். பெர்மெத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, இங்க சிரிச்சுட்டீங்க. அந்த வீட்ல நிஜமாவே எடுத்துக் குடுத்துருவாங்க. அழகுன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது. வாங்கினா உங்க விதி போச்சு. வேண்டாம்னா அவங்க படத்தையே விக்க மாட்டாங்க."

"நானும் கிர்கிஸ்காரன்தானே, எஜே. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவர்தான் இப்பக் காரைக் கேட்டீங்க."

"சரி, பிடிச்சிருந்தா என்ன சொல்றது?"

"ம்."

"அவ்வளவுதானா?"

"அந்த ஒரு எழுத்தை வச்சே இவ காலத்தை ஓட்டிட்டா தம்பி," என்றார் சோவெத்பெக்.

அசில்கான் உயரமானவர், தலையில் நீலத் துணி. தாலாயை வாசலுக்கு எதிரே மேலான இடத்தில் உட்கார வைத்தார். மேசையில் பொரித்த மாவுத் துண்டுகள், ஆப்ரிகாட் ஜாம், பாலாடை. பெர்மெத் சுவருக்கு முதுகு காட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே கோழிக்கூண்டு தெரிந்தது.

உள்ளே போய் வெள்ளைத் துணி சுற்றிய கட்டு ஒன்றை எடுத்துவந்து அசில்கான் பிரித்தார். தாலாய் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தான். முதல் படத்தைத் தூக்கி ஓரத்தைப் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், பென்சில் கையெழுத்தைப் பார்த்தான்.

"ம்," என்றான்.

இரண்டாவது. "ம்." மூன்றாவது. "ம்."

அசில்கான் தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சொட்டு மேசை விரிப்பில் விழுந்து பரவியதைப் பெர்மெத் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இவரு படம் பாக்க வந்தவரா பெர்மெத், குதிரைப் பல்லு பாக்க வந்தவரா?"

"முழுசாப் பாத்துட்டு சொல்வாரு, எஜே."

"சந்தைத் தரகன்கூட ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டுத்தான் விலையைக் குறைப்பான். பிடிக்கலைன்னா கட்டி வச்சுர்றேன்."

அவர் கை துணியின் ஓரத்தை மடிக்கத் தொடங்கியது. பேசினால் ஒரு படம் போகும், பேசாமலிருந்தால் ஆறும் போகும். இதுவரை இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை வருஷமாக "ம்" என்று சொல்லி எத்தனை வீடுகளை இப்படி மூட வைத்திருப்பாள்?

தாலாயும் அந்தக் கையைப் பார்த்துவிட்டான். அவசரமாக ஆறாவதை எடுத்தான். கணவாயின் உச்சியில் ஒரு பெண்குதிரை திரும்பி நிற்கிறது. பின்னால் வர வேண்டிய குட்டியைக் காணோம். பனிதான் இருக்கிறது, மை படாத வெறும் தாள்.

"ஐயோ," என்றான் தாலாய். "என்ன அழகு."

அசில்கானின் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் படம் அவன் மடியில் இருந்தது.

"உங்களோடது, மகனே."

ஜாமில் தோய்த்த துண்டு சோவெத்பெக்கின் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. தாலாயின் கைகள் படத்தின் மேல் அந்தரத்தில் நின்றன, எடுக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல். அவன் பெர்மெத்தைப் பார்த்தான். மேசைக்கடியில் அவள் கால்கள் தாமாகவே காலணியைத் தேடின. வெளியே ஒரு கோழி கூண்டிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது.

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"தம்பி, நம்மூர்ல புதுப்பொண்ணோட முகத்திரையை விலக்கிப் பாத்தவங்க சும்மா எழுந்து போவாங்களா?"

தாலாய் விழித்தான். "இல்ல. கொருமுந்தூக் வைப்பாங்க, முகம் பாத்ததுக்குக் காணிக்கை."

"தோரோன்பெக் பைகே போன பிறகு எஜே இந்த வெள்ளைத் துணியை யாருக்கும் பிரிச்சதில்லை. நீங்க ஆறு முகம் பாத்தாச்சு. இன்னும் ஒண்ணும் வைக்கலை."

அவன் கை கோட்டுப் பைக்குள் போனது.

"பையில கை விடாதீங்க. உங்ககிட்ட இருக்கறதுலயே உசந்ததைக் குடுக்கணும்."

பிறகு அவன் பார்வை மெல்ல மடிக்கு இறங்கியது. காது சிவந்தது. எழுந்து, இரண்டு கையாலும் படத்தை ஏந்தி, குனிந்து நீட்டினான்.

"இது என்னோட கொருமுந்தூக், அம்மா."

அசில்கான் கை நீட்டவில்லை. பெர்மெத்தைத்தான் பார்த்தார்.

"குடுத்ததையே திருப்பித் தர்ற மாதிரியில்ல இருக்கு?"

"இல்ல எஜே. உங்களோடது அவருக்குப் போயிருச்சு. இப்ப அவரோடது உங்களுக்கு வருது. வண்டி ஒண்ணுதான், சவாரி வேற."

அசில்கானின் தோள்கள் அசைந்தன. அழுகிறாரோ என்று பெர்மெத் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி மற்ற ஐந்தின் மேல் வைத்துத் துணியைச் சுற்றினார்.

"இந்தப் புத்தி உனக்கு அன்னிக்கே இருந்திருந்தா, தேநீரையாவது முழுசாக் குடிச்சிருப்பே," என்றார்.

பெர்மெத் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்று கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தாலாய் நடந்ததை ஒன்று விடாமல் அறிக்கையில் எழுதினான். நிதிக்குழுவில் இருந்தவர்களும் இப்படிப்பட்ட வீடுகளில் தேநீர் குடித்தவர்கள்தானே. வசந்தத்தில் பணம் வந்தது. ஆறு படங்களும் கிழக்கு அறையில் ஒரே வரிசையில் ஏறின. காலையில் அவற்றின் கண்ணாடியைத் துடைப்பவள் பெர்மெத். யாராவது கேட்டால் இப்போதும் "ம்" என்றுதான் சொல்கிறாள்.

திறப்பு விழாவுக்கு வந்தபோதுதான் தாலாய் மிச்சத்தைச் சொன்னான். அன்று பெர்மெத் முந்திக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் நின்ற நேரத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய ஏழாவது படத்தைப் பற்றி அசில்கானிடம் கேட்டிருக்கிறான். அல்மாத்தி வியாபாரி சனிக்கிழமை வரை காத்திருக்காமல், அந்த வியாழனுக்கு முந்தின திங்கட்கிழமையே வந்துவிட்டானாம். அதையும் சேர்த்துக் கேட்டதால், கட்டைப் பிரிக்காமலே அசில்கான் அவனை வாசலோடு அனுப்பிவிட்டாராம். அது அவர்களுடையதே இல்லையாம். பாதித் தேநீரோடு ஓடிப்போன பெண்ணுடையது, வந்து எடுத்துக்கொள்வாள் என்று சொல்லி, தோரோன்பெக் அன்றே அதை அதே ஆணியில் மாட்டிவைத்தாராம்.