தேருக்குப் போகாத கோடை

அந்தக் கோடை முழுவதும் வடகடல் தீவொன்றில் மணல் அள்ளினேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் மணல்மேடுகள் நகர்ந்து வந்து அங்கிருந்த ஊரை மூடின. ஆட்கள் வீடுகளை விட்டுப் போனார்கள். கடைசியில் தேவாலயமும் புதைந்தது. அதன் சுவரைத் தேடிய தொல்லியல் மாணவர்களில் நானும் ஒருத்தி. பகலில் தோண்டும் குழியை இரவுக் காற்று பாதிக்கு நிரப்பிவிடும். காலையில் எழும்போதே கை கனக்கும். பல்லிடுக்கில்கூட மணல். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். களைப்பை யாரிடமும் காட்டமாட்டேன்.

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் ஊன்ட்றொப் என்ற ஊரில் கட்டிய அம்மன் கோயிலின் தேருக்கு நான் தலையில் பாற்செம்பு எடுக்கவேண்டும். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவேண்டுமென்று அம்மா வைத்த நேர்த்தி அது. தேர் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"சனிக்கிழமை வந்திடுவாய்தானே?"

"ஓம் அம்மா."

பின்னாலிருந்து தம்பி கத்தினான்: "அக்கா கடற்கரையில மண்வீடு கட்டுறா! முடிஞ்சாத்தான் வருவா!"

"நீ வாயை மூடடா. பிள்ளை, சுவர்தானே கிண்டுறாய்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் சுவரோரம் நான் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டிருந்தேன். பேராசிரியர் அதை என் பொறுப்பிலேயே விட்டிருந்தார். அந்தப் பெருமையில் சொல்லிவிட்டேன்.

சாவுத் துடக்கு, தீட்டு விஷயத்தில் அம்மா கண்டிப்பானவர்.

"தொட்டனியோ?"

"ஓம்."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"பொம்பிளை. என்ர வயசுதான் இருக்குமாம்."

"முழுக்க எடுத்தாச்சோ?"

"இடுப்பு வரைதான். மிச்சத்துக்கு ஞாயிறு வரைக்கும் செல்லும்."

"அப்ப நீ வராதை."

"முழுகிப்போட்டு வாறன் அம்மா."

"முழுகினாத் துடக்குப் போகும். அதுக்கில்லை. அந்தப் பிள்ளையை அரைவாசியில விட்டுட்டு வாறதோ? திரும்ப மண் மூடிப்போடும். செம்பை நான் எடுக்கிறன்."

"உங்களுக்கு முழங்கால் ஏலாதே!"

"அது என்ர கால்."

ஞாயிறன்று அங்கே தேர் இழுத்த நேரத்தில் நான் குழிக்குள் குனிந்து, அந்தப் பெண்ணின் பாத எலும்புகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் தம்பி அழைத்தான். செம்பு சிந்தாமல் போய்ச் சேர்ந்ததாம். அம்மாவின் கால்தான் வீங்கிவிட்டதாம்.

"மகள் எங்கை எண்டு எல்லாரும் கேட்டவை. அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? நீ ஒரு செத்தவீட்டில நிக்கிறியாம்."

யார் செத்ததென்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னாரோ, அதைக் கேட்கவும் தெம்பில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே படுத்துவிட்டேன்.