நாற்காலி முனகும் இடம்

கையை மூன்று முறை கழுவுவார். முதலில் மண்ணெண்ணெய், அடுத்து துணி சோப்பு, கடைசியில் வெறும் தண்ணீர். அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டியிருக்கும். விரலிடுக்குகளைப் பஞ்சால் துடைத்து, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அலமாரியைத் திறந்து அந்த இசைத்தட்டை எடுப்பார். மணி மூன்று. காலை ஷிப்டு முடிந்து வந்தவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

"சாப்பாடு ஆறுது" என்பார் மனைவி உள்ளேயிருந்து.

"ஆறட்டும். நானும்தான் ஆறிப்போய் வந்திருக்கேன்."

நூற்பாலையில் ஃபிட்டர். இருபத்தாறு வருஷம். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. மில்லில் அவர் 'காது'. ஓடும் இயந்திரத்தின் மேல் திருப்புளியின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே சுழலும் பேரிங் எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். "இது பல்லைக் கடிக்குது. வியாழக்கிழமைக்குள்ள மாத்திடுங்க." ஒருமுறை சோம்பேறித்தனத்தில் மாற்றாமல் விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் நின்றது.

நான் அதே மில்லில் தரச்சோதனைப் பிரிவு. அவர் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்து சேர்ந்த முதல் ஆள் என்பதால் கதவில் ஒரு சின்னப் பலகை மாட்டினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'படிச்சவரே'.

இசைத்தட்டு அவர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. ஒரே பாடகர்; தானே எழுதி, தானே மெட்டமைத்து, ஒரு கிதாரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். பதினோரு பாட்டு. ஒரு படகோட்டி, கடிதம் கொண்டுவருபவன், ஈரத்துணி உலர்த்தும் ஒருத்தி என்று இப்படி ஆட்கள். யாரும் சாவதில்லை, யாரும் ஜெயிப்பதுமில்லை. பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி அடக்கிப் பாடுவார். முதல் மாதம் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பிறகு ஒருநாள் கவனித்தேன்: துணி உலர்த்துகிறவளின் பாட்டில், கடைசி அடிக்கு முன்னால் கிதார் ஒரு கணம் நின்றுவிடுகிறது. கொடியில் கைவைத்தபடி அவள் எதையோ நினைத்துக்கொள்கிறாள் என்பது வார்த்தையில் இல்லை. அந்த நிற்றலில் இருக்கிறது. அதன் பிறகு நானும் மூன்று மணிக்குப் படியிறங்க ஆரம்பித்தேன்.

'காது'க்கு அதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். நாலாவது பாட்டில் கம்பிமேல் விரல் வழுக்கும் கிறீச். ஆறாவது பாட்டில் இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பாடகர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முனகல். கடைசிப் பாட்டில் வாய் திறக்கும் முன் ஒரு மூச்சு. ஒவ்வொன்றுக்கும் ஆள்காட்டி விரல் மேலே எழும். "மெஷின்ல சத்தம் வந்தா கோளாறு. இவன் பாட்டுல சத்தம் வந்தாத்தான் உள்ள ஆள் இருக்கான்னு அர்த்தம்."

இரண்டு வருஷமாக நாலாவது பாட்டுக்கு விரல் எழுவதில்லை. "தட்டு தேஞ்சுபோச்சு" என்றார். முள்ளை இரண்டு தடவை மாற்றினார். மனைவியும் விட்டுக்கொடுக்கவில்லை. "இத்தனை வருஷம் ஒரே தட்டைத் தேய்ச்சா தேயாதா? கூட இருந்து நானே தேஞ்சுட்டேன்." மாடியிலேயே இருந்துவிட்ட நாட்களில்கூட எனக்கு அந்தக் கிறீச் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சொல்லவில்லை.

போன மாதம் அவர் நல்லது என்று சொன்ன ஒரு பேரிங் ஓட்டத்திலேயே இறுகிப்போய், பெல்ட் அறுந்து, வேலை செய்துகொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் அடித்தது. "காதுக்கே தப்பிடுச்சுன்னா யாரு என்ன பண்ண முடியும்" என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அவர் அந்தச் சுவரில் இருந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வாரம் வருடாந்திரக் காதுப் பரிசோதனை. ஹெட்போனில் சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். போன வருஷம் எத்தனை நொடிக்கு ஒன்று வந்தது என்று எண்ணி வைத்திருந்தவர், தாளம் பிசகாமல் அழுத்திக்கொண்டே போனார். நர்ஸ் ஹெட்போனை விலக்கினாள்.

"அண்ணே, நான் இன்னும் மெஷினையே போடலை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ள முயன்று, அவருக்காக மறுபடி உயர்த்தினாள். "திங்கக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். இல்லேன்னா காது சரியா கேக்கலைன்னு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. ஸ்டோருக்கு மாத்திடுவாங்க."

சனிக்கிழமை மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். மில் பை காலடியில் இருந்தது. முதல் பக்கம் முழுக்க ஓடியது. விரல் மடியிலேயே கிடந்தது. தட்டைப் புரட்டினார். ஆறாவது பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்து மூன்றாவது தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவரே, மழுப்பாம சொல்லணும். நாற்காலி முனகுச்சா?"

அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இல்லை என்று சொல்லச் சொல்லி. இரண்டு முறை அசைத்தார்.

சுவரில் அடித்த அந்த பெல்ட் நினைவுக்கு வந்தது. "முனகுச்சுண்ணே" என்றேன்.

யாரோ ஒருவரின் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதுபோலத் தலையாட்டினார். "அப்போ தட்டு நல்லாத்தான் இருக்கு."

முள்ளை எடுத்துப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்து, முனையை ஸ்பீக்கர் பெட்டியின் மரப்பலகையில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். முதல் சரணம். இரண்டாம் சரணம். மனப்பாடத்தில் எழுகிற விரல் சற்று முன்னாலேயே எழுந்துவிடும். பல மாதமாக இந்த இடத்தில் நான் பார்ப்பது அதைத்தான். இன்று விரல் பிந்தி எழுந்தது. நாற்காலி முனகி முடித்த பிறகு.

பாட்டெல்லாம் முடியும்வரை அப்படியே இருந்தார். பிறகு தட்டை உறையில் போட்டார். திருப்புளியின் முனையைச் சட்டை நுனியால் துடைத்தார். அவர் மனைவி அதைப் போட்டுக்கொள்ள மில் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அலமாரியைத் திறந்து, இசைத்தட்டுக்குப் பக்கத்தில் திருப்புளியைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்.