சமம் என்று ஒரு சொல்

குமரிக் கடற்கரையில் இனயத்து இஞ்ஞாசிக்குச் சீட்டுக்கட்டைக் கண்டாலே அலுப்பு வரும். ஒன்பது வருடம் வெள்ளைக்காரர்களின் உல்லாசக் கப்பலில் போக்கர் மேசைக்குச் சீட்டுப் போட்டவர். யார் சிரித்தாலும் அழுதாலும் முகத்தைக் கல்லாக வைத்திருக்க வேண்டிய வேலை. மணிக்கட்டும் முதுகும் ஓய்ந்து 2010-ல் ஊருக்கு வந்தார். "இனி அந்த எழவத் தொடமாட்டேன்" என்று மனைவி குளோரியிடம் சொன்னார். அவர் விட்டாலும் அது விடுமா?

மறு வருடம் ஆனி மாதம். கடல் சீறி, வள்ளமெல்லாம் கரையேறிக் கிடந்தது. ஆண்பிள்ளைகளுக்கு வேறென்ன வேலை? வலைக் கொட்டகையில் சீட்டாட்டம்தான். காலங்காலமாக இருபத்தெட்டு ஆடுகிறவர்களுக்குக் கல்ஃபிலிருந்து வந்த ஒருத்தன் போக்கரை அரைகுறையாகப் பழக்கிவிட்டுப் போயிருந்தான். ஒரு மத்தியானம் வழக்குத் தீர்க்க இஞ்ஞாசியைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தார். தங்கை லிஜியின் புருஷன் டிஜோ, தன் வள்ளத்து இஞ்சினையே பந்தயம் கட்டி, அதற்கு அடையாளமாகப் பிளக்கைக் கழற்றிப் பாயில் வைத்திருந்தான். எதிரே, மீன் வியாபாரத்தோடு சொந்த வள்ளமும் வைத்திருந்த பெனினின் பைக் சாவி. இஞ்சின் போனால் டிஜோவுக்குச் சொந்தத் தொழில் இல்லை. அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குத்தான் ஏற வேண்டும்.

பொதுவில் மலர்த்திய ஐந்து சீட்டு: இரண்டு ராஜா, இரண்டு ஒன்பது, ஒரு ஏஸ். டிஜோ கையில் ஏழும் நாலும். பெனின் கையில் ஜாக்கியும் மூன்றும்.

"ஜாக்கி எங்கிட்டல்லா இருக்கு? அப்ப எனக்குத்தான்" என்றான் பெனின். எல்லோரும் தலையாட்டினார்கள். இருபத்தெட்டில் ஜாக்கிதானே எல்லாருக்கும் பெரியவன்!

"ஏலே மக்கா, இது இருபத்தெட்டு இல்ல" என்றார் இஞ்ஞாசி. "கையில ரெண்டு, கீழ அஞ்சு. இந்த ஏழுல நல்ல அஞ்சுதான் கணக்கு. ரெண்டு பேருக்கும் நல்லது கீழ கெடக்க அஞ்சுதான். ஆறாவது சீட்ட எவனும் பாக்கமாட்டான். சமம். பந்தயத்தப் பாதிப்பாதி பிரிக்கணும். இஞ்சின அறுக்கவா முடியும்? அவனவன் வச்சத அவனவன் எடுத்துட்டுப் போங்கலே."

"மாப்பிளைக்கு வேண்டி சொல்லுதியளா அண்ணே?" என்றான் பெனின்.

"கப்பல்ல எனக்கு எந்த மாப்பிள இருந்தான்? அங்கயும் இதத்தான் சொன்னேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பொழுது சாய, லிஜி பொரித்த சாளை மீனோடு வந்து அழுதாள். "ஒன் வாயால என் வீடு பொழச்சுது அண்ணே."

டிஜோ சும்மா இருந்தானா? தோற்காததை ஜெயித்ததாக எடுத்துக்கொண்டான், மூதேவி. மறுநாளே பிளக் பாய்க்கு வந்துவிட்டது. இந்த முறை கூப்பிட வந்தது லிஜி.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிடுதாவ. வந்து சமம்னு சொல்லு அண்ணே. ஒனக்கு மட்டுந்தானே தெரியும்."

பொதுவில் ஒரு ஏஸ், இருவர் கையிலும் ஒவ்வொரு ஏஸ். ஆக இருவருக்கும் ஏஸ் ஜோடி. துணைச்சீட்டாக டிஜோவிடம் பத்து, பெனினிடம் ராணி. பொதுவில் கிடந்த மற்ற நாலும் பொடிச்சீட்டு. ஆகவே இன்று துணைச்சீட்டு கணக்கில் வரும், ராணிக்குத்தான் ஜெயம். ஆனால் இருபத்தெட்டில் பத்து ராணிக்கு மேல். அதனால் கொட்டகையே குழம்பி அவர் வாயைப் பார்த்தது. சமம் என்றால் நம்பிவிடுவார்கள். வாசலில் லிஜி கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

இஞ்ஞாசிக்கு அப்படியே மணலில் படுத்துவிடலாம் போலிருந்தது. இன்றைக்குச் சமம் என்றால் நாளைக்கும் பிளக் வரும், நாளைக்கும் கூப்பிடுவார்கள். எத்தனை காலத்துக்கு?

"பெனினுக்கு" என்றார்.

வெளியே வந்தபோது லிஜி அழவில்லை. "ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் நியாயம் சொன்ன வாயி. கூடப்பிறந்தவளுக்கு வேண்டி ஒரு பொய் வரல்லியா?"

ஆவணியில் கடல் அடங்கியது. டிஜோ பெனினின் வள்ளத்தில் கூலிக்கு ஏறினான். பின்னால் ஓடியது அவனுடைய பழைய இஞ்சின்தான். லிஜி தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை.